வட ஆற்காடும் தொடக்ககால ஐரோப்பியத் தாவரவியலாளர்களும்

வட ஆற்காடு என முன்னர் அழைக்கப்பட்ட வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ளது. இது இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாவட்டப் பிரிவினைக்குப் பின்னர் இப்பகுதி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்நிலப்பரப்பு ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. லின்னேயசின் மாணவரும் மருத்துவருமான யோகான் கெரார்டு கோனிக், 1774 முதல் 1778 வரை அந்த நவாபிடம் இயற்கையியலாளராகப் பணியாற்றினார். இந்தியத் தாவரங்களை லின்னேயசின் இருசொற் பெயரிடும் முறையில் களத்தில் நின்று ஆராய்ந்தவர்களில் முன்னோடியாக அவர் கருதப்படுகிறார். இக்கட்டுரை அவரைப் பற்றியும், அவருக்கு முன்னும் பின்னும் இப்பகுதியோடு தொடர்புற்ற தாவரவியலாளர்களைப் பற்றியும், தோல் பதனிட உதவிய செடிகள் அறிவியல் நூல்களில் இடம்பெற்ற விதத்தைப் பற்றியும் கூறுகிறது.

கோனிக்குக்கு முன்

சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கியது கோனிக்கின் வருகைக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னராகும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி, தமிழ்ப் பெயர்களுடனும் மருத்துவப் பயன்களுடனும் இலண்டனுக்கு அனுப்பினார். அங்கு மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் அக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தி அரச கழகத்தின் இதழில் வெளியிட்டார். பிரவுனை அடுத்து அப்பணிக்கு வந்த எட்வர்டு பல்க்லியும் இதே வேலையைத் தொடர்ந்தார். (1693இல் சென்னையில் பிணக்கூறாய்வு ஒன்றைச் செய்தவர் என மருத்துவ வரலாற்றிலும் பல்க்லி குறிப்பிடப்படுகிறார்.) இவர்கள் அனுப்பிய தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், சுலோன் தொகுப்பின் பகுதியாக உள்ளன.

ஆனால் பிரவுனும் பல்க்லியும் லின்னேயசுக்கு முற்பட்டவர்கள். ஒரு செடியை அடையாளப்படுத்த அவர்கள் காலத்தில் ஒரு முழு இலத்தீன் சொற்றொடர் தேவைப்பட்டது. இரண்டே சொற்களில் பெயரிடும் முறையை லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு முழுமையாகக் கையாண்டார். அதன்பின் உலகின் எப்பகுதிச் செடியையும் ஒரே அட்டவணைக்குள் சேர்க்க முடிந்தது. அவ்வட்டவணையை நிரப்ப அவருடைய மாணவர்கள் பல திசைகளுக்கும் புறப்பட்டனர். தென்னிந்தியாவுக்கு வந்தவர் கோனிக்.

இளமையும் தரங்கம்பாடி வருகையும்

கோனிக் நவம்பர் 29, 1728 அன்று இன்றைய லாத்வியா நாட்டுப் பகுதியில் பிறந்தார். மருந்தாளராகப் பயிற்சி பெற்று, 1757இல் சுவீடனின் உப்சாலா நகரில் லின்னேயசிடம் பயின்றார். 1759 முதல் டென்மார்க்கில் வாழ்ந்தார். அங்கிருந்து ஐசுலாந்துக்குச் சென்று செடிகளைச் சேகரித்தார். அங்கு அவர் கண்டெடுத்த மிகச் சிறிய ஓராண்டுச் செடி ஒன்றுக்கு லின்னேயஸ் 1767இல் கோனிகியா இசுலாண்டிக்கா எனப் பெயர் சூட்டினார். துருவக் குளிர்ப்பகுதியில் விரல் நீளத்துக்கும் குறைவாக வளரும் இச்செடிதான் அவர் பெயரைத் தாங்கிய முதல் தாவரம். அடுத்தது தமிழ்நாட்டின் ஒவ்வொரு சமையலறையிலும் உள்ளது. அது பின்னர் கூறப்படும்.

1767இல் தரங்கம்பாடியிலிருந்த டேனிய–ஆலே சமயப் பணிக்குழுவின் மருத்துவராக அவர் நியமிக்கப்பட்டார். வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கி மேசை மலையில் செடிகளைத் திரட்டிய பின், 1768இல் தரங்கம்பாடியை அடைந்தார். அவ்வூர் அப்போது டேனியர் வசம் இருந்தது. நோயாளிகளைக் கவனிப்பது அவருடைய அலுவல். செடி தேடுவது அலுவல் ஒழிந்த நேரத்து வேலை. அக்காலத் தாவரவியலாளர்களுள் பெரும்பாலோர் நிலை இதுவே. தாவரவியல் மருத்துவப் படிப்பின் ஒரு பிரிவாக இருந்ததால், மருத்துவராகச் சம்பளம் பெற்றுக்கொண்டுதான் செடிகளின் பின்னே செல்ல முடிந்தது. கோபனாவன் பல்கலைக்கழகம் 1773இல் அவர் நேரில் வராமலேயே அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

தரங்கம்பாடியில் கோனிக்கைச் சுற்றி ஒரு வட்டம் உருவாயிற்று. 'ஒன்றுபட்ட சகோதரர்கள்' என்னும் பொருள்படத் தம்மை அழைத்துக்கொண்ட இவர்கள் செடிகளைப் பரிமாறிக்கொண்டனர். யோன், ரொட்லர், கிளைன் முதலிய தரங்கம்பாடியினரும், பிற்காலத்தில் ராக்ஸ்பர்க், ஐனே போன்றோரும் இவ்வட்டத்தோடு தொடர்பு கொண்டிருந்தனர். புதிய செடிக்குப் பெயரிடும்போது தனி ஒருவர் பெயரை எழுதாமல், 'நம்மால்' என்று பொருள்படும் 'நோபிஸ்' என்னும் இலத்தீன் சொல்லை இணைப்பது இவர்கள் வழக்கம். பெயருக்காகப் போட்டியிட்ட ஒரு துறையில் இது அரிய வழக்கமே. எனினும் அந்த 'நம்' என்பதற்குள் அவர்களோடு காட்டுக்குச் சென்ற தமிழர் எவரும் அடங்கவில்லை.

ஆற்காட்டு நவாபின் பணியில்

மருத்துவமனை வேலையோடு நெடும்பயணங்கள் செல்ல இயலாததால் கோனிக் வேறு புரவலரைத் தேடினார். 1774இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அவரைத் தம் இயற்கையியலாளராக அமர்த்திக்கொண்டார்.

முகமது அலியின் தந்தை அன்வருதீன் கான், ஆகஸ்ட் 3, 1749 அன்று நடந்த ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டவர். அதன்பின் ஆங்கிலேயர் துணையுடன் ஆட்சியைப் பிடித்த மகன், தலைநகரான ஆற்காட்டை விடச் சென்னையிலேயே மிகுதியாக வாழ்ந்தார். 1768இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை அவருடையது. இராணிப்பேட்டையை அடுத்த வாலாஜாபேட்டை அவர் பட்டப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆங்கிலேயப் படைகளின் செலவுக்காகவும் தம் ஆடம்பரத்துக்காகவும் அவர் வாங்கிய கடன்கள் பெருகி, 1785 பிப்ரவரியில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்குப் பொருளாயின. இத்தகைய நிதிநிலை கொண்ட அரசவையில்தான் ஒரு தாவரவியலாளருக்குச் சம்பளம் ஒதுக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசுக்கு அப்போது இத்தகைய பதவியே இல்லை என்பதையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அறிவியலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது கம்பெனி ஆட்சியே என எளிதாகச் சொல்லிவிடும் நூல்கள், இந்த நான்கு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இப்பதவி கோனிக்குக்குப் பயண உரிமையைத் தந்தது. சென்னைக்கு வடக்கேயுள்ள மலைகளுக்கும் இலங்கைக்கும் அவர் சென்றார். சேகரித்தவற்றை ஐரோப்பாவில் பலருக்குப் பகிர்ந்தளித்தார். உப்சாலாவில் லின்னேயஸ், அவருக்குப் பின் அவர் மகன், லுண்டு நகரில் ஆந்திரேசு ரெட்சியஸ், இலண்டனில் சர் யோசப் பேங்க்சு ஆகியோருக்கு அவருடைய செடிகளும் குறிப்புகளும் சென்று சேர்ந்தன. கோனிக் தாமே வெளியிட்டவை மிகக் குறைவு. அவர் கண்டறிந்தவற்றுள் பெரும்பகுதி மற்றவர்களின் நூல்களில், மற்றவர்களின் பெயர் ஒட்டிய தாவரப் பெயர்களாக வெளிவந்துள்ளது.

செஞ்சந்தனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் கட்டையை ஐரோப்பிய மருந்துக் கடைகள் நெடுங்காலமாக வாங்கி விற்றுவந்தன. ஆனால் அது எந்த மரத்திலிருந்து வருகிறது என்பது அங்கிருந்த தாவரவியலாளர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முன்னாள் ஆற்காட்டு அரசின் வட எல்லையை ஒட்டிய மலைகளில் மட்டுமே இம்மரம் இயற்கையாக வளர்கிறது. கோனிக் அனுப்பிய செய்திகளைக் கொண்டு 1780களின் தொடக்கத்தில் லின்னேயசின் மகன் இதற்கு டெரோகார்ப்பசு சாண்டலினசு எனப் பெயரிட்டார். அறிவியல் பெயரின் இறுதியில் நிற்கும் சுருக்கக் குறியீடு லின்னேயசின் மகனைச் சுட்டுகிறது. மலையேறியவரை அது சுட்டவில்லை.

ஈசலும் கறிவேப்பிலையும்

கோனிக்கின் எழுத்துகளுள் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது, செடிகளைப் பற்றியது அன்று. 1779இல் பெர்லின் இயற்கையியல் கழகத்தின் இதழில் வெளிவந்த கறையான் பற்றிய கட்டுரையே அது. கறையான்களின் வாழ்க்கையை நேரில் கண்டு எழுதப்பட்ட தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்றாக அதனைப் பூச்சியியலாளர் மதிக்கின்றனர். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி 1781இல் இலண்டன் அரச கழக இதழில் எழுதிய என்றி சுமீத்மன், கோனிக்கின் கட்டுரையை எடுத்தாண்டுள்ளார்.

அதில் ஈசல் பிடிக்கும் முறை விவரிக்கப்பட்டுள்ளது. சிறகு முளைத்த கறையான்கள் வெளியேறும் பருவத்துக்குச் சற்று முன், புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளையும் அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில், நறுமண இலை தேய்த்த ஒரு பானையின் வாயைப் பொருத்துவர். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமடிக்கும் பொருள்களைக் கொளுத்தி மூட்டம் போடுவர். புகைக்கு அஞ்சி ஈசல்கள் பானைக்குள் பாயும். சில வேளைகளில் புற்றில் குடியிருக்கும் நல்ல பாம்பும் அவற்றோடு வந்து சேரும் என்பதால் பிடிப்போர் எச்சரிக்கையாக இருப்பர். பிடித்த ஈசலை மாவுடன் கலந்து பண்டம் செய்து விற்பதையும், கறையான் அரசியை முதியோருக்கு இடுப்பு வலுப்பெற உயிருடன் கொடுப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். தமிழக ஊர்ப்புறங்களில் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற நினைவுள்ளவர்களுக்கு இம்முறையில் பாதி பழக்கமானதாகவே இருக்கும்.

பானையில் தேய்க்கும் இலையை அவர் 'பெர்கேரா' என்கிறார். ஐரோப்பாவில் பிரிஞ்சி இலை வகைக்கு உள்ள மதிப்பை விட இங்கு இதற்கு மதிப்பு மிகுதி என்றும் சொல்கிறார். அது கறிவேப்பிலையே. லின்னேயஸ் 1771இல் கறிவேப்பிலைக்குப் பெர்கேரா கோனிகீ என்று, தம் மாணவர் பெயராலேயே பெயரிட்டிருந்தார். கோனிக் தம் கட்டுரையில் அச்செடியின் பேரினப் பெயரை மட்டும் எழுதினார்.

1825இல் செருமானியத் தாவரவியலாளர் சுப்ரெங்கல் கறிவேப்பிலையை முர்ராயா பேரினத்துக்கு மாற்றினார். முர்ராயா என்பது லின்னேயசின் மற்றொரு மாணவரான யோகான் முர்ரே என்பவரின் நினைவாக அமைந்த பெயர். ஆகவே முர்ராயா கோனிகீ என்னும் போது, ஒரே ஆசிரியரின் இரு மாணவர்களும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையில் சேர்ந்து நிற்கின்றனர். அண்மைக்கால மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் வகைப்பாட்டாளர் பலர் மீண்டும் பெர்கேரா கோனிகீ என்னும் பழைய பெயருக்கே திரும்பியுள்ளனர். இரு பெயர்களும் வழக்கில் உள்ளன. இரண்டிலும் 'கோனிகீ' மாறவில்லை.

கம்பெனிப் பணியும் மறைவும்

நவாபிடம் கிடைத்த ஊதியம் பயணச் செலவுக்குப் போதவில்லை. 1778இல் கோனிக் கம்பெனியின் சென்னை அரசை அணுகினார். அவ்வரசு அவரை ஏற்றுக்கொண்டது. இதனால் சென்னை அரசின் முதல் இயற்கையியலாளர் என்று அவர் அழைக்கப்படுகிறார். கம்பெனியின் எதிர்பார்ப்பு நவாபின் எதிர்பார்ப்பை விடத் தெளிவானது: விற்கத்தக்க பொருள் எங்கு விளைகிறது என்று அவர் கண்டு சொல்ல வேண்டும். அதே ஆண்டில் அவர் சயாம், மலாக்கா நாடுகளுக்கு அனுப்பப்பட்டு 1780இல் திரும்பினார். அப்பயணத்தில் கண்ட இஞ்சிக் குடும்பச் செடிகளைப் பற்றிய அவருடைய விளக்கங்களை ரெட்சியஸ் 1783இல் தம் நூலில் வெளியிட்டார். பயண நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1894இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் அச்சேறியது.

1784இல் விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரசலைச் சந்தித்தார். இவர் பின்னர் இந்தியப் பாம்புகளைப் பற்றி நூல் எழுதியவர். வங்காளம் நோக்கிய பயணத்தின்போது கோனிக்கை வயிற்றுக்கடுப்பு தாக்கியது. இன்று காக்கிநாடா நகரின் பகுதியாகிவிட்ட ஜகந்நாதபுரத்தில் ஜூன் 26, 1785 அன்று அவர் இறந்தார். அருகிலிருந்த சாமல்கோட்டையில் மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இறுதி நாள்களில் அவரைக் கவனித்துக்கொண்டார். கோனிக் தம் கையெழுத்துப் படிகளைப் பேங்க்சுக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய பதவி ரசலுக்கும், அவருக்குப் பின் ராக்ஸ்பர்க்குக்கும் சென்றது. ராக்ஸ்பர்க் 1793இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு மாறியபோது, சாமல்கோட்டைத் தோட்டப் பொறுப்பைத் தரங்கம்பாடியிலிருந்து வந்த பெஞ்சமின் ஐனே ஏற்றார்.

புக்கானனின் பயணம்

கோனிக் நவாபின் ஊழியராக இருந்தபோதும், வேலூர் வட்டாரத்தைக் குறிப்பாகக் கடந்து சென்று அச்சில் பதிவு செய்தவர் பிரான்சிசு புக்கானன் என்னும் சுகாட்டுலாந்து மருத்துவர் ஆவார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், அவருடைய மைந்தர்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். கைப்பற்றிய நாட்டில் என்ன விளைகிறது, எவர் என்ன தொழில் செய்கின்றனர் என்று ஆராய தலைமை ஆளுநர் வெல்லெசுலி புக்கானனை அனுப்பினார். ஏப்ரல் 23, 1800 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் மேற்கே சென்றார். இன்றைய பேரணாம்பட்டை அடுத்த சாத்கரைக் கடந்து, கணவாய் ஏறி மைசூர் நாட்டை அடைந்தார். அவருடைய பயண நூல் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

புக்கானன் தாவரவியலாளரின் கண்ணோடு தொழில்களையும் பார்த்தவர். எந்தத் தொழிலைப் பற்றி எழுதினாலும் அதில் பயன்படும் செடியின் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதினார். மைசூர்ப் பகுதியில் மாதிகர்கள் தோல் பதனிடுவதை அவர் விளக்கியுள்ளார். எருக்கம்பாலையும் உப்பையும் கேழ்வரகுக் களியோடு சேர்த்துப் பிசைந்து ஆட்டுத்தோலின் மயிர்ப்பக்கத்தில் பூசி வெயிலில் காயவைத்து, பின்னர் கல்லில் அடித்து அலசினால் மயிர் கழன்றுவிடும். அதன்பின் கடுக்காய்த் தூள் கலந்த நீரில் தோல் ஊறவைக்கப்படும். பெரிய தோல்களுக்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது. இதில் ஐரோப்பியப் பொருள் ஏதும் இல்லை. முழுவதும் சுற்றியுள்ள காட்டிலும் கரம்பிலும் கிடைப்பவை. இம்முறைகளே பாலாற்றங்கரையில் பின்னர் பெருந்தொழிலாக வளர்ந்த தாவரப் பதனிடலுக்கு அடிப்படை.

தோல் தொழிலின் செடிகள்

தாவரப் பதனிடலின் வேதியியல் எளியது. பட்டை, காய் போன்றவற்றில் உள்ள டானின் எனும் துவர்ப்புப் பொருள் தோலிலுள்ள புரத இழைகளோடு பிணைகிறது. பிணைந்த தோல் அழுகுவதில்லை, நனைந்து காய்ந்தாலும் விறைப்பதில்லை. நெல்லிக்காய் தின்ற வாயில் ஏற்படும் இறுக்கமும் இதே வேதிவினைதான்.

ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை டானின் உண்டு. மழை குறைந்த வட ஆற்காட்டுக் கரம்புகளில் மஞ்சள் பூவுடன் தானே வளரும் இச்செடி, இவ்வட்டாரத்தில் தோல் தொழில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் எனலாம். ஆவாரையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு. வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்துவிடும். இதனைத் தடுக்கவே இறுதியில் கடுக்காய்நீரில் தோய்த்தெடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. கடுக்காய்க்குச் சவ்வாது மலை அருகிலேயே உள்ளது. ஆவாரை கிடைக்காத இடங்களில் சரக்கொன்றைப் பட்டையும் கைகொடுத்தது.

இம்மூன்றும் அறிவியல் நூல்களுக்குள் வெவ்வேறு வழிகளில் நுழைந்தன. ஆவாரைக்கு லின்னேயஸ் 1753இல் காசியா ஆரிகுலாட்டா எனப் பெயரிட்டார். ஆரிகுலாட்டா என்றால் 'காதுகளை உடையது'. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல் விரிந்திருக்கும் இலையடிச் செதில்களைக் கண்டு வைத்த பெயர் அது. ராக்ஸ்பர்க் இதனைச் சென்னா பேரினத்துக்கு மாற்றினார். அம்மாற்றம் இடம்பெற்ற அவருடைய நூல் அவர் இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் 1832இல் வெளியானது. தமிழிலோ ஆவிரை என்னும் பெயர் குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையிலேயே உள்ளது. மடலேறும் தலைவன் அணியும் பூவாகவும் சங்கப்பாடல்களில் வருகிறது.

சரக்கொன்றை மலையாளக் கரை வழியாகச் சென்றது. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த ஓர்த்தூசு மலபாரிக்கசு என்னும் நூலின் முதல் தொகுதியில் (1678) 'கொன்னா' என்னும் உள்ளூர்ப் பெயருடனேயே அது படத்துடன் உள்ளது. லின்னேயஸ் அந்நூலைப் பயன்படுத்தினார். கடுக்காய்க்கு டெர்மினாலியா செபுலா என்னும் பெயரைச் சூட்டியவர், கோனிக்கின் நீண்டகால நண்பரான ரெட்சியஸ். லுண்டு நகரை விட்டு இந்தியாவுக்கு ஒருபோதும் வராதவர் அவர்.

20ஆம் நூற்றாண்டில் ஆவாரைக்குப் போட்டியாக வாட்டில் பட்டை வந்தது. ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கறுப்பு வாட்டில் மரத்தின் அறிவியல் பெயர் அக்கேசியா மியர்ன்சீ. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் பயிரிடப்பட்ட மரத்திலிருந்து அமெரிக்க இராணுவ மருத்துவர் மியர்ன்சு சேகரித்த மாதிரியைக் கொண்டு, பெல்சியத் தாவரவியலாளர் ஒருவர் 1925இல் சூட்டிய பெயர் அது. அம்மரம் நீலகிரியிலும் நடப்பட்டது. அதே நூற்றாண்டில் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவி, நாள்கணக்கில் ஊறவைக்கும் வேலை மணிக்கணக்காகக் குறைந்தது. அதன் கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் செய்த கேடு உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஆகஸ்ட் 28, 1996 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. தாவரப் பதனிடலும் ஓரளவில் தொடர்கிறது.

பெயர் பெற்றோரும் பெயர் பெறாதோரும்

வான் ரீடின் நூலுக்குச் செடிகளை அடையாளம் காட்டிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் பெயரும், இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் பெயர்களும் அந்நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளன. அவர்களின் சான்றுரைகளும் அங்கு உள்ளன. சோழமண்டலக் கரையில் அத்தகைய பதிவு இல்லை. பிரவுனுக்குத் தமிழ்ப் பெயர்களைச் சொன்னவர் யார், செஞ்சந்தன மலைக்குக் கோனிக்குக்கு வழிகாட்டியவர் யார், ஈசல் பானையில் கறிவேப்பிலை தேய்த்துக் காட்டியவர் யார் என்பன அவர்களின் அச்சிட்ட நூல்களில் இல்லை. ராக்ஸ்பர்க்கின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் (1795–1820) நூலிலுள்ள 300 வண்ணப்படங்களும் இந்திய ஓவியர்களின் வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிலும் ஓவியர் பெயர் அச்சாகவில்லை.

இந்நிலை சிறிது மாறியது இராபர்ட்டு வைட்டின் காலத்தில்தான். 1819இல் சென்னைக்கு வந்த இம்மருத்துவர், 1826இல் ஒருகாலத்தில் கோனிக் வகித்த சென்னை இயற்கையியலாளர் பதவியில் அமர்ந்தார். ரங்கையா, கோவிந்து என்னும் இரு தென்னிந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்தனர். அவர்களின் பெயர்கள் படங்களில் பொறிக்கப்பட்டன. ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று வைட்டு பெயரிட்டார். அப்பேரினம் பின்னர் வேறொன்றுடன் இணைக்கப்பட்டதால் இன்று அப்பெயர் வழக்கில் இல்லை.

செடிகளின் தமிழ்ப் பெயர்களைக் காத்ததில் ரொட்லரின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த இவர், 1836இல் சென்னை வேப்பேரியில் இறக்கும் வரை அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். தாவரத் தொகுப்பாளர், தமிழ் அகராதியாளர் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒருவரே செய்ததால், அவருடைய தமிழ்–ஆங்கில அகராதியில் (1834–1841) செடிப் பெயர்கள் வெறும் 'ஒரு வகைச் செடி' என நில்லாமல் பல இடங்களில் அறிவியல் பெயருடன் தரப்பட்டுள்ளன. ஓவ்வொரு பெயரும் எந்தச் செடியைச் சுட்டியது என்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தேடுவோருக்கு இது பெருந்துணை.

கோனிக் சேகரித்த மாதிரிகள் இலண்டன், கோபனாவன், லுண்டு ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. ரொட்லரின் தொகுப்பு இலண்டன் கிங்சு கல்லூரியிலிருந்து 1872இல் கியூ தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. வட ஆற்காட்டு மலைகளையும் உள்ளடக்கிய தமிழகச் சமவெளிப் பகுதியின் தாவரங்களை உள்நாட்டிலேயே விரிவாகத் தொகுக்கும் பணியைத் திருச்சிராப்பள்ளி இராபினாட்டு உலர்தாவரகத்தைச் சேர்ந்த கே. எம். மாத்யூ மேற்கொண்டார். அதன் முடிவுகள் 1981 முதல் 1988 வரை வெளியிடப்பட்டன. அத்தொகுப்புக்கான மாதிரிகள் திருச்சிராப்பள்ளியிலேயே உள்ளன.